தலைவரூட்டம்மா

எங்கள் பக்கத்தில் வாத்தியார் மனைவியை வாத்தியாரூட்டம்மா என்போம். டாக்டர் மனைவி டாக்டரூட்டம்மா. வீட்டை ஊடு என்கிற சீமை இது. வீட்டுக்காரர் பார்க்கிற வேலையை முன்னால் வைத்து, பின்னால் ஒரு அம்மாவை ஒட்டிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஆயிற்று. அதில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. என்ன, அந்தப் பெயருக்குள் அந்தப் பெண் இருக்கமாட்டாள், அவ்வளவுதான்.

அதனால் எங்கள் அத்தை பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்து வந்தபோது ஊர் கொஞ்சமும் யோசிக்காமல் அவரைத் 'தலைவரூட்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. போஸ்டரில் இருந்தது அத்தை படம். ஓட்டு விழுந்தது அத்தைக்கு. அப்படியென்றால் அந்தத் தலைவர் யார்? என் மாமனார். அவரும் வெற்றிலையை மென்றுகொண்டு, கூப்பிட்ட இடத்திலெல்லாம் 'என்னுங்க' என்று திரும்பிப் பார்த்தார்.

உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் மகனுக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே அத்தையும் அவர்தான், மாமியாரும் அவர்தான். கோபம் வந்த நாட்களில் மட்டும் மனசுக்குள் மாமியார் என்பேன். மற்றபடி அத்தைதான்.

எண்பதுகளில், நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயதில், முழுப்பரீட்சை லீவுக்கு அத்தை ஊருக்கு வருவேன். எங்கள் வீடு கொமரலிங்கத்துப் பக்கம். அமராவதி வாய்க்கால் தோட்டத்துக்குள்ளேயே ஓடும். தண்ணீரை நாங்கள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரோ பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே வானம் பார்த்த பூமி. ஓடையை நாங்கள் பள்ளம் என்போம். அந்த ஊர்ப் பள்ளத்தோரம் ஒரு பொதுக்கிணறு இருந்தது. அதிலிருந்து மோட்டார் போட்டுத் தொட்டிக்கு ஏற்றி, தொட்டியிலிருந்து தெருக்குழாயில் விடுவார்கள். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த வருஷங்களில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். ஊர்க்கோடியில் ஒருத்தர் தன் காட்டில் வரிசையாக ஓட்டு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். லைன் வீடு என்று பெயர். குழாயடியில் ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் லைன் வீட்டுக்காரர்கள் குடம் வைக்கலாம். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஊர் பிடித்து முடிக்கிற நேரத்தில் குழாய் இருமத் தொடங்கிவிடும்.

ஒருநாள் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி கம்பெனிக்கு நேரமாகிவிட்டதென்று குடத்தை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஒரு ஊர்க்காரம்மா அதைக் காலால் நகர்த்தினார்.

"எங்களுக்கும் தாகம் எடுக்கும்லா? நாங்களும் மனுசங்கதான்லா?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அன்றைக்கு அத்தையின் குடம்தான் முதலில் இருந்தது. அவர் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய், லைன் வீட்டுக் குடங்களுக்கும் பின்னால் நின்றுகொண்டார்.

"ஏனுங்க, நீங்க எதுக்குங்க அங்க போறீங்க?" என்று கேட்டார்கள்.

"கம்பெனிக்குப் போறவங்களுக்கு நேரமாகுதுங்க. எனக்கென்னங்க, மாடுதானே காத்துக்கிட்டு இருக்குது."

மறுநாளும் போய்க் கடைசியில் நின்றார். அதற்கடுத்த நாளும். கூடவே நானும் ஒரு குடத்தோடு வெயிலில் நின்று வெந்தேன். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஊரில் மதிப்பான குடும்பத்துப் பெண் கடைசியில் நிற்கும்போது மற்றவர்களுக்கு முதலில் பிடிக்கக் கூச்சமாகிவிட்டது. கொஞ்ச நாளில் முன்னால் வந்தவர் முன்னால் என்று ஆகிப்போனது. அத்தைக்கு வாய்ச்சண்டை வராது. தான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சண்டை.

அப்புறம் அதே மாதிரி பல காரியங்கள். பிரிவு ரோட்டில் நிற்காமல் போன டவுன் பஸ்ஸைக் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்காக நிற்க வைத்தது அவர்தான். கூடையோடு ரோட்டின் நடுவில் போய் நின்றார், டிரைவர் கத்திவிட்டு நிறுத்தினார், பிறகு பழகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளுக்குப் பால்வாடி வேண்டுமென்று யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்ததும் அவர்தான். எந்தப் பதவியும் அவருக்கு அப்போது கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில வருஷங்கள் கழித்து, வெகுகாலம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் நாற்காலி மாமாவுக்குத்தான் என்று ஊரில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். பார்த்தால் எங்கள் ஊரைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "அதனாலென்னங்க, ஊட்டுக்காரம்மா பேரைப் போட்டுட்டாப் போச்சு" என்றார்கள். மாமாவும் தலையாட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவர் வீடு வீடாகப் போய்த் தானே ஓட்டுக் கேட்டார். லைன் வீடுகளில் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்.

முதல் கூட்டத்தன்று நடந்ததை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மாலை போட்டு அழைத்துப்போன கூட்டத்தோடு மாமா உள்ளே போனார், போனவர் நேராகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கால் அந்தப் பக்கம் போயிற்று, உடம்பும் கூடவே போயிற்று. அத்தைக்கு ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மாமா வெற்றிலைப் பையைத் திறந்தார், மூடினார். அத்தை நின்றுகொண்டே இருந்தார்.

"ஏனுங்க, நாற்காலி சூடாயிருச்சுங்களா? ஆயிருச்சுன்னா எந்திரிச்சுக்குங்க, நான் உக்காந்துக்கறேன்" என்றார் கடைசியில்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முதலில் சிரித்தது மாமாதான். அவர் வெள்ளந்தியான மனிதர். மனைவி கேலி செய்தால் சந்தோஷப்படுவார். எழுந்து துண்டால் நாற்காலியைத் தட்டியும் விட்டார். ஆனாலும் 'தலைவர்' என்ற பெயர் மட்டும் அவரை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்கள் அவரிடமே வந்தார்கள். குழாய் உடைந்தால் அவரிடம், தெருவிளக்கு எரியாவிட்டால் அவரிடம். கிளார்க் பேப்பர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். மாமா வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உள்ள குடுங்க, கையெழுத்துப் போட்டுக் குடுப்பா" என்பார்.

முதல் தடவை அப்படி வந்தபோது அத்தை மாவாட்டிக்கொண்டிருந்தார். கை நிறைய மாவு. கிளார்க் பேப்பரை நீட்டினார்.

"தப்பான ஊட்டுக்கு வந்துட்டீங்க. இங்க இருக்கறது தலைவரூட்டம்மாதானுங்களே? அவ கையெழுத்து எங்கியும் செல்லாதுங்க. தலைவரைப் பாக்கோணும்னா ஆபீசுக்கு வாங்க" என்றார் அத்தை.

கிளார்க் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். வீட்டில் கையெழுத்து இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், எப்போதாவது திறக்கிற ஒரு கட்டடம்தான் பஞ்சாயத்து ஆபீஸ். அத்தை தினமும் காலையில் சமையலை முடித்துக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். ஆள் வந்தாலும் உட்கார்ந்திருப்பார், வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டை நான் தூக்குப்போசியில் கொண்டுபோவேன். மாமா வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடி வருகிறவர்களை உள்ளே கைகாட்டி அனுப்பி அனுப்பி, அவருக்கே அது ஒரு உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது.

பெயரை மாற்றிக் கொடுத்தவர்கள் லைன் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கு எங்கள் 'ஊட்டம்மா' சூட்சுமம் எல்லாம் தெரியாது. முதல் நாளிலிருந்தே 'பெரசிடெண்டம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஒரு பெரியவர் "தலைவரூட்டம்மா இருக்கறாங்களா?" என்று கேட்க, லைன் வீட்டுக்காரி ஒருத்தி, "உள்ள இருக்கது பெரசிடெண்டுல்லா? அதுல எதுக்கு வீடு வாசல எல்லாம் இழுக்கியோ?" என்று கேட்டுவிட்டாள். பெரியவர் திகைத்து நின்றார். பிறகு உள்ளே போய், "தலைவருங்களா, கும்பிடறனுங்க" என்றார். அதற்குப் பிறகு ஊரே மெல்ல மெல்லத் 'தலைவருங்க' என்றது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நானே ஜெயித்தது போல இருக்கும்.

இப்படி இருந்தபோதுதான் என் அப்பா வந்தார்.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை. கடைசியில் அந்த வருஷம்தான் உண்டானேன். ஐந்தாம் மாதம். என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாம்பழக் கூடை, தேங்காய் மூட்டை எல்லாம் இறங்கின. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் விஷயத்தை எடுத்தார். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்கிற இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து சாயப்பட்டறை போடப் போகிறார். இடம் அவருடைய பங்கு. அந்த இடத்தை எங்கள் ஊரிலேயே, பள்ளத்தோரம், பொதுக்கிணற்றுக்கு மேற்கே, தண்ணீர் இறங்கி வருகிற பக்கத்தில் வாங்கிவிட்டார். பஞ்சாயத்து அனுமதி ஒன்றுதான் பாக்கி. "தங்கச்சிதான் தலைவர், அதை எங்கிட்ட உடுங்க" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாமாவும் ஏற்கெனவே, "அதுக்கென்னங்க மச்சான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

"அம்முணி, இதுல ஒரு கையெழுத்தைப் போடு" என்று அப்பா பேப்பரை நீட்டினார்.

அத்தை அதை வாங்கவில்லை. "அண்ணா, இன்னுங் கொஞ்சம் தயிர் ஊத்திச் சாப்பிட்டிருக்கலாமுங்க" என்றார். பிறகு, "ஊட்டுல கையெழுத்துப் போடறதில்லீங்கண்ணா. நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்றார்.

அப்பா சிரித்தார். தங்கை பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அவருக்குப் பெருமை கூட. ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

மறுநாள் மத்தியானம் நான் தூக்குப்போசியோடு ஆபீசுக்குப் போனபோதுதான் அப்பாவும் வந்தார். அவர் உள்ளே வந்ததும் அத்தை எழுந்து நின்றார். அண்ணன் முன்னால் அவர் என்றைக்குமே உட்கார்ந்ததில்லை. அப்பா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அத்தை தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்கள் வாழ்க்கையில் அப்படி எதிரெதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"தண்ணி எங்கிருந்துங்கண்ணா எடுப்பீங்க?"

"போர் போட்டுக்குவோம்."

"சாயம் போட்ட தண்ணிய எங்க உடுவீங்க?"

"அதெல்லாம் தொட்டி கட்டி, தெளிய வெச்சுத்தான் உடுவோம்."

"எங்கீங்கண்ணா உடுவீங்க?"

"பள்ளத்துலதான். வேற எங்க உடறது?"

"பள்ளத்தோரந்தானுங்கண்ணா ஊரு குடிக்கற கெணறு இருக்குது. நொய்யலாத்துக்கு அக்கட்டால ஒறம்பரைச் சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒரு காரியத்துக்குப் போயிருந்தனுங்க. அவங்க கெணத்தை எட்டிப் பாத்தேன். ஊதாவா இருந்துச்சு. இளநி வெட்டிக் குடுத்தாங்க, வாயில வெக்க முடியலீங்க."

அப்பாவுக்குக் குரல் ஏறியது. "ஊரு உலகத்துல ஒருத்தனும் சாயப்பட்டறை போடலியா? சாயம் இல்லாம பனியன் விக்குமா? உம்பட பையன் கம்பெனிக்குத்தானே போறான்? லைன் ஊட்டுச் சனமெல்லாம் எதுல சாப்பிடுது?"

"நீங்க சொல்றது நெசந்தானுங்கண்ணா. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க." அத்தை தலையைக் குனியவில்லை. "ஆனா அந்தக் கெணத்துக்கு மேக்க வர்றதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"நான் கூட்டாளிககிட்ட வாக்குக் குடுத்துட்டேன் அம்முணி."

"தெரியுமுங்கண்ணா."

"என்னைய விடக் கெணறு பெருசாப் போச்சா உனக்கு?"

அப்பா எழுந்தார். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி. இனிமே உனக்குப் பொறந்த ஊடு இல்லீன்னு நெனச்சுக்கோ" என்றார். வாசலில் நின்ற என்னையும், என் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளார்க் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "உங்க அண்ணனைத் தொரத்தி முடுக்கறதுன்னா முடுக்கிக்குங்க. கூடவே எங்கப்பனையுமில்ல சேத்தி முடுக்கீட்டீங்க!" என்று கத்தினேன்.

"ஆமாங் கண்ணு" என்றார் அத்தை.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. அவர் மறுத்திருந்தாலோ, நியாயம் பேசியிருந்தாலோ அன்றைக்கு நான் விட்டிருக்கமாட்டேன். தூக்குப்போசியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அது அப்படியே திரும்பி வந்தது.

கூட்டாளிகள் வேறு ஊரில் இடம் பார்த்துக்கொண்டு அப்பாவைக் கழற்றிவிட்டார்கள். மாமா சமாதானம் பேசக் கொமரலிங்கம் போய், வாசலிலேயே பேசிவிட்டுத் திரும்பி வந்தார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்கள் கழித்து, மேலே எங்கேயோ இருந்த பட்டறைகளின் தண்ணீர் எங்கள் பள்ளத்துக்கும் வரத்தான் செய்தது. அத்தை அதற்காகவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். முழுசாக ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்க் கிணறு கெட்டதற்கு எங்கள் தலைவர் கையெழுத்து காரணமில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு இருந்த கவலை வேறு. எங்கள் பக்கத்தில் முதல் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக வரும்போது, பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். கட்டுச்சோறு என்று பெயர். ஊரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். கட்டுச்சோறு வராத பெண்ணை ஊர் வாய்விட்டு ஒன்றும் சொல்லாது. பார்க்கிற பார்வையிலேயே சொல்லிவிடும். இத்தனை வருஷம் பிள்ளை இல்லை என்று பார்த்த பார்வை போதாதா எனக்கு? நாள் குறித்துச் சொல்லி அனுப்பினோம். "உங்கப்பா வர மாட்டீங்கறாரு சாமி. நான் என்ன பண்ணட்டும்" என்று அம்மாவிடமிருந்து ஆள் மூலம் பதில் வந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. விடியும்போதே அடுப்படியில் புளிச்சோறு வாசம். தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு என்று பாத்திரங்கள் வரிசை கட்டி இருந்தன. வருகிற ஒறம்பரைக்காக அத்தை செய்கிறார் என்று நினைத்தேன். இன்னும் யார் வரப் போகிறார்கள் என்று ஆத்திரம் வேறு. அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சோற்றுப் பாத்திரங்களை வெள்ளைத் துணியில் கட்டி, லைன் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரின் தலையில் ஏற்றி, புழக்கடை வழியாக எங்கோ போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம். மாமா வாசலுக்குப் போனார், பின்னாலேயே நானும் போனேன். பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு, பெரிய வீதி வழியாக, எல்லோரும் பார்க்கும்படி அந்தக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் அத்தை, தலையில் ஒரு மூட்டையோடு. எங்கள் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

"ஏனுங்க சம்பந்தி! பொறந்த ஊட்டுல இருந்து கட்டுச்சோறு வந்திருக்குது. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

மாமா தோளிலிருந்த துண்டை இறக்கினார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க சம்பந்தி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நானும் அந்த ஊட்டுல பொறந்தவதானே கண்ணு? அண்ணன் இல்லீன்னு சொல்லீட்டா இல்லாமப் போயிருமா?"

நான் அழுதேன். ஊர் சாப்பிட்டது. "எங்க ஊர்ல வளையலைத்தான் அடுக்குவோம். இங்க என்னடான்னா சோத்தையே கட்டிக்கிட்டு வாராவளே" என்று லைன் வீட்டுக்காரி ஒருத்தி சொல்லிச் சொல்லிப் புளிச்சோற்றை மறுபடியும் வாங்கிக்கொண்டாள்.

அழைக்க வந்தவர்தானே அழைத்துப்போக வேண்டும்? வாடகைக் காரில் அத்தையே என்னைக் கொமரலிங்கத்துக்குக் கூட்டிப் போனார். உடுமலை தாண்டியதும் அவர் முகமே மாறிவிட்டது. அண்ணன் தன்னைத் தோளில் வைத்து வாய்க்காலைத் தாண்டியதையும், பொய்யாகத் தண்ணீரில் போட வந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். "திட்டுவாரு. நல்லாத் திட்டட்டும். திட்டி முடிச்சாருன்னா, வந்து சோறு தின்னு அம்முணிம்பாரு. எனக்கு எங்கண்ணனைத் தெரியாதா?" என்றார். சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தார் அந்தக் காரில்.

அப்பா களத்தில் தேங்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என் முழங்கையைப் பிடித்து, "வா சாமி, பாத்து எறங்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அத்தை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அண்ணா, உங்க புள்ளைய அழைச்சுட்டு வந்துட்டனுங்க" என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. உள்ள வாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுவோம். அப்பா கறிவேப்பிலை விற்க வருகிறவருக்கும் போடுவார். அவர் போடாதது வீட்டுக்குள் எங்களுக்கும், தன் தங்கைக்கும்தான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அத்தையை அவர் 'வா', 'போ' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு முதல் தடவையாக 'வாங்க' என்றார்.

அத்தை ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்தார். அப்பா தானே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க" என்றார். தானே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ரோடெல்லாம் பரவாயில்லீங்களா? காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. பெரிய ஆபீசர் வந்தால் எப்படி நடந்துகொள்வாரோ, அதில் இம்மியும் குறையவில்லை. அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்றுகொண்டே காப்பியைக் குடித்து முடித்தார்.

கார் வரைக்கும் நான் கூடப் போனேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். குழாயடியிலும் அழாதவர், அந்த ஆபீசிலும் அழாதவர், தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்கண்ணன் என்னைய வாங்கங்கறாரு கண்ணு" என்றார்.

ஊரெல்லாம் அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமென்று நாங்கள் எவ்வளவு ஆசைப்பட்டோம். அது கிடைக்கவும் கிடைத்தது. ஒரே ஒருத்தர் வாயிலிருந்து மட்டும் வந்திருக்கக் கூடாது. தலைவரை அப்பா வீட்டுக்குள் விட்டுவிட்டார். தங்கையைத்தான் விடவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களுக்கு இருவரும் வந்து போனார்கள், ஆனால் அப்பா அந்த 'ங்க'வைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

கார் திரும்பிப் போனதும் நான் உள்ளே வந்தேன். அப்பா அத்தை உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க" என்றேன்.

அவர் அத்தை குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காக வாய்க்கால் பக்கம் போனார்.